சொந்தக் கம்பெனிக்குத் தளபதி மெக் எது? (பேட்டில்டெக், 3025 காலம்)

செம்மண் லான்ஸ்:

வணக்கம் நண்பர்களே. அதிகாரப்பூர்வப் படைப்பிரிவு எதையும் எடுக்காமல் பேட்டில்டெக்குக்கு (மெக் எனும் ராட்சதப் போர் இயந்திரங்களை வைத்து ஆடும் மேசை விளையாட்டு) சொந்தமாக ஒரு கூலிப்படைக் கம்பெனி அமைத்துக்கொண்டிருக்கிறேன். கதை நடக்கும் ஆண்டு 3025. கையில் 12 மினியேச்சர்கள் இருக்கின்றன. 'கேம் ஆஃப் ஆர்மர்ட் காம்பாட்' பெட்டியில் வந்த 8: லோகஸ்ட், கமாண்டோ, வுல்வரின், ஷேடோ ஹாக், கேட்டபுல்ட், தண்டர்போல்ட், பேட்டில்மாஸ்டர், ஆசம். 'இன்னர் ஸ்பியர் கமாண்ட் லான்ஸ்' பொதியில் வந்த 4: மராடர், ஆர்ச்சர், வால்கிரி, ஸ்டிங்கர். எல்லாம் பழைய அடிப்படை வகைகளாகவே ஆடுவேன்.

4 மெக் ஒரு லான்ஸ், 3 லான்ஸ் ஒரு கம்பெனி என்ற கணக்குக்கு எண்ணிக்கை சரியாக இருக்கிறது. ஒரு கேப்டன், இரண்டு லெப்டினன்ட். கேப்டனும் ஒரு லான்ஸை நேரடியாக நடத்துவார். எங்கள் குழுவில் பெரும்பாலும் லான்ஸுக்கு லான்ஸ், 6,000 பிவி (மெக்கின் போர் மதிப்புப் புள்ளி) வரம்பு. எப்போதாவது முழுக் கம்பெனி. குவர்க் விதிகளை (மெக்குகளுக்கு உரிய தனிக்குணங்கள்) இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பயன்படுத்துகிறோம்.

கேப்டனுக்கு எதைக் கொடுப்பது? அட்லஸ் வேண்டும் என்று 'டைரக்ட் ஃபயர் லான்ஸ்' பொதியைத் தனியாக வாங்கலாமா என்று யோசிக்கிறேன். லெப்டினன்ட்டுகளுக்கு எவை பொருந்தும்? இன்னொன்று, தளபதி யாரென்று மேசையில் பார்த்தவுடன் தெரிய வேண்டும். வேறு சில விளையாட்டுகளில் செய்வதுபோல பெரிய பேஸில் (அடித்தட்டில்) ஒட்டலாமா?

---

ஹெக்ஸ்வாசி:

தளபதிக்காக அட்லஸ் வாங்க வேண்டாம். நல்ல மெக்தான்: 100 டன், 19 டன் கவசம், ஏசி/20 பீரங்கி, எல்ஆர்எம்-20 தொலைதூர ஏவுகணை, எஸ்ஆர்எம்-6 குறுந்தூர ஏவுகணை, 4 மீடியம் லேசர். ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க அதற்கு இணை குறைவு. ஆனால் சுற்றுக்கு அதன் நடை 3, ஓட்டம் 5 ஹெக்ஸ் (வரைபடத்தின் அறுகோணக் கட்டம்). உங்களிடம் உள்ள கனமான மெக்குகளில் பேட்டில்மாஸ்டர், மராடர், ஆர்ச்சர், தண்டர்போல்ட் நான்கும் நடை 4, ஓட்டம் 6. இவற்றோடு அட்லஸைச் சேர்த்தால் லான்ஸ் முழுவதும் அதன் வேகத்துக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அட்லஸ் பின்தங்கும். அதன் முக்கிய ஆயுதமான ஏசி/20 எட்டுவது 9 ஹெக்ஸ்தான். அது எட்டும் தூரத்துக்கு வருவதற்குள் மற்ற மூவரும் தனியாக அடி வாங்கியிருப்பார்கள்.

வேகத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்றால், இலக்கு நகர்ந்ததற்கான +2 (நம்மைச் சுடும் எதிரிக்கு அவ்வளவு கடினம்) கிடைக்க 5 ஹெக்ஸ் கடந்திருக்க வேண்டும். அட்லஸுக்கு ஓட்டமே 5. சமதரையில், ஒரு தடவைகூடத் திரும்பாமல் ஓடினால்தான் அந்த +2. ஒரு பக்கம் திரும்பினாலே ஒரு நகர்வுப் புள்ளி போய்விடும். ஓட்டம் 6 உள்ள மெக் ஒரு முறை திரும்பிய பிறகும் 5 ஹெக்ஸ் கடக்கும். எதிரி முதலில் குறிவைக்கப்போவது தளபதியைத்தான். அதனால் இந்த ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேப்டனுக்குப் பேட்டில்மாஸ்டர் பிஎல்ஆர்-1ஜி போதும், அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. 85 டன், 14.5 டன் கவசம். 18 ஹெக்ஸ் வரை எட்டும் பிபிசி (துகள் பீரங்கி) ஒன்று, நெருங்கி வருபவனுக்கு மீடியம் லேசர்களும் எஸ்ஆர்எம்-6உம். ஹீட் சிங்க் (சுற்றுக்கு ஒரு புள்ளி வெப்பத்தை வெளியேற்றும் கருவி) 18. ஓடிக்கொண்டே பிபிசியும் 2 மீடியம் லேசரும் சுட்டால் வெப்பம் 2 + 10 + 6, மொத்தம் 18. ஒரு புள்ளிகூட மிஞ்சாது. முன்னால் பார்க்கும் 4 லேசரையும் சேர்த்துச் சுட ஆசை வரும், அப்போது 6 புள்ளி மிஞ்சி அடுத்த சுற்றில் நடை ஒன்று குறையும். தளபதி நகர முடியாமல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். கமாண்ட் மெக் குவர்க்கும் இதற்கு உண்டு. அதைப் பற்றி 'இரட்டை ஆறு' விவரமாக எழுதுவார் என்று நினைக்கிறேன்.

கேப்டன் லான்ஸ்: பேட்டில்மாஸ்டர் 1,519, மராடர் 1,363, ஆர்ச்சர் 1,477, தண்டர்போல்ட் 1,335. நான்கும் 4/5 விமானிகளோடு (குறி 4, ஓட்டும் திறன் 5; எண் குறைந்தால் திறமை அதிகம்) 5,694 பிவி. கேப்டனை 3/4 ஆக்கினால் பெருக்கம் 1.32, அவர் மட்டும் 2,005 ஆவார், மொத்தம் 6,180. வரம்பு தாண்டிவிடும். 3/5 ஆக வைத்தால் பெருக்கம் 1.2, அவர் 1,823, மொத்தம் 5,998. வரம்புக்கு 2 புள்ளி உள்ளேயே நிற்கிறது.

இரண்டாம் லான்ஸ்: வுல்வரின், ஷேடோ ஹாக், வால்கிரி, கேட்டபுல்ட். நான்குமே தாவக்கூடியவை. இதற்கு லெப்டினன்ட் வுல்வரினில். ஷேடோ ஹாக்கும் அதே 55 டன், அதே 5/8 (நடை/ஓட்டம்) வேகம். ஆனால் அதன் தாவல் 3, வுல்வரினுடையது 5. காடும் மேடுமாக இருக்கும் வரைபடத்தில் 5 தாவல் என்றால் ஒரே சுற்றில் லான்ஸின் எந்த முனைக்கும் போய்விடலாம். வுல்வரின் 5 ஹெக்ஸ் தாவி, தன் மூன்று ஆயுதத்தையும் சுட்டாலும் வெப்பம் 13, சிங்க் 12. கவலையே இல்லை.

மூன்றாவதில்தான் சிக்கல். லோகஸ்ட், கமாண்டோ, ஸ்டிங்கர் மூன்றும் வேவு மெக்குகள், மிஞ்சுவது ஆசம். 3/5 நடக்கும் ஆசத்தை இவர்களோடு சேர்க்கவே முடியாது. அட்லஸ் பொதிக்கு வைத்த பணத்தில் 'இன்னர் ஸ்பியர் பேட்டில் லான்ஸ்' வாங்குங்கள்: வார்ஹாமர், ரைஃபிள்மேன், ஃபீனிக்ஸ் ஹாக், வாஸ்ப். ஃபீனிக்ஸ் ஹாக் 45 டன், 6/9, தாவல் 6. ஸ்டிங்கருடைய வேகம் அப்படியே, கவசமும் லார்ஜ் லேசரும் கூடுதல். வேவு லான்ஸின் லெப்டினன்ட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மெக் 3025இல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆசத்தை எடுத்து வையுங்கள். ஒரு பாலத்தையோ கிடங்கையோ காக்கும் ஆட்டத்தில் தண்டர்போல்ட்டுக்குப் பதிலாக இறக்கினால் மூன்று பிபிசியும் 28 ஹீட் சிங்கும் தங்கள் வேலையைக் காட்டும்.

ஃபீனிக்ஸ் ஹாக், பேட்டில்மாஸ்டர் இரண்டிலும் ஒரு டன் மெஷின் கன் குண்டு இருக்கிறது. 200 முறை சுடலாம், ஒவ்வொன்றுக்கும் 2 சேதம். சுடாமல் வைத்திருக்கும்போது அந்தக் கட்டத்தில் கிரிட்டிக்கல் (உள்பாகத்தைத் தாக்கும் அடி) விழுந்தால் 400 புள்ளி உள்ளேயே வெடிக்கும். மெக் மிஞ்சாது. இந்தக் காலத்தில் கேஸ் (குண்டு வெடிப்பை வெளியே திருப்பிவிடும் அமைப்பு) பாதுகாப்பும் கிடையாது. முதல் சுற்றுகளில், எதிரி பின்பக்கம் வராத தூரத்தில் இருக்கும்போதே குண்டைக் கொட்டிவிடுங்கள். கொட்டும் சுற்றில் பின்புற உடலில் அடி விழுந்தால் வெடிக்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

---

இரட்டை ஆறு:

குவர்க் பற்றி. கமாண்ட் மெக் குவர்க் உள்ள மெக் களத்தில் இயங்கும்வரை அந்தத் தரப்பின் முன்னுரிமைப் பகடைக்கு +1. சைக்ளாப்ஸ் சிபி-10-இசட்டில் இருக்கும் பேட்டில் கம்ப்யூட்டர் குவர்க் +2 தரும். இரண்டும் ஒன்றோடொன்று கூடாது, பெரியது மட்டும்தான்.

+1 என்றால் அற்பமாகத் தெரியும். இரு பக்கமும் 2 பகடை உருட்டி, சமன் வந்தால் மறுபடி உருட்டும்போது சாதாரணமாக ஆளுக்கு 50 சதவீதம். +1 இருந்தால் 62 சதவீதம். +2 இருந்தால் 74 சதவீதம் நெருங்கிவிடும். முன்னுரிமை வென்றவர் கடைசியில் நகர்கிறார். எதிரியின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு நகர்வது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்குப் பிவி கணக்கில் கூடுதல் விலையும் கிடையாது. அதனால்தான் இரு தரப்பும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஒருவரிடம் மட்டும் இது இருந்தால் 10 சுற்று ஆட்டத்தில் அவருக்கு ஒன்றிரண்டு சுற்று இலவசமாகக் கிடைத்த மாதிரி.

அப்படியானால் சைக்ளாப்ஸ்தானே எடுக்க வேண்டும்? 'சப்போர்ட் லான்ஸ்' பொதியில் வருகிறது, 90 டன், 4/6 வேகம், 1,317 பிவி. காகிதத்தில் அழகு. ஆனால் கவசம் 10 டன்தான். 70 டன் வார்ஹாமரும் அதே அளவைத்தான் சுமக்கிறது. கூடவே அதன் பெரிய ஆயுதம் ஏசி/20, 9 ஹெக்ஸுக்குள் போனால்தான் பயன். மெல்லிய கவசத்தோடு, எல்லோரும் தேடும் மெக்கை 9 ஹெக்ஸுக்குள் அனுப்பினால் அந்த +2 நான்காம் ஐந்தாம் சுற்றைத் தாண்டாது. எல்ஆர்எம்-10ஐ மட்டும் வைத்துப் பின்னால் நிறுத்தலாம். அப்போது 90 டன் மெக்கை வெறும் எல்ஆர்எம் வண்டியாக ஓட்டுகிறோம். கம்பெனி அளவு ஆட்டத்தில், 12 மெக் நகரும்போது, அந்த விலையைக் கொடுக்கலாம். லான்ஸ் ஆட்டத்தில் பேட்டில்மாஸ்டரின் +1 நீண்ட நேரம் உயிரோடு இருக்கும், அதுதான் லாபம்.

தளபதியை எங்கே நிறுத்துவது என்பதையும் மெக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசியுங்கள். தலைக்கு அதிகபட்சக் கவசம் 9, உள்கட்டமைப்பு 3, ஆக மொத்தம் 12. ஏசி/20 தலையில் பட்டால் அத்தோடு முடிந்தது. பிபிசி 10 பட்டால் 2 புள்ளி மிச்சம், விமானிக்குக் காயம், கிரிட்டிக்கல் பகடை வேறு. ஒவ்வோர் அடிக்கும் தலையில் விழும் வாய்ப்பு 36இல் 1. ஒரு ஆட்டத்தில் 20 தனித்தனி அடி வாங்கினால் ஒன்றாவது தலையில் பட 43 சதவீத வாய்ப்பு. இதைக் கவசம் தடுக்காது, அடியின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் தடுக்கலாம்.

பலர் கவனிக்காத இன்னோர் இடம் குத்து. குத்துக்குத் தனி அட்டவணை, ஒரே பகடை, 6 விழுந்தால் தலை. அதாவது 6இல் 1. அட்லஸின் ஒரு குத்து 10 சேதம். ஆகவே தளபதி, இரண்டு கையையும் சுடாமல் வைத்திருக்கும் கனமான எதிரிக்கு அடுத்த ஹெக்ஸில் சுற்றை முடிக்கவே கூடாது. பேட்டில்மாஸ்டரின் பிபிசி 7 முதல் 12 ஹெக்ஸில் நடுத்தரத் தூரம். அந்த வட்டத்திலேயே அவரை வைத்திருங்கள்.

---

பின்வரிசை:

பேட்டில்மாஸ்டர் சரி, மறுக்கவில்லை. ஆனால் 3/5 திறமையைக் கேப்டனுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தளபதி என்றால் நல்ல விமானியாக இருக்க வேண்டும் என்று கதைக்காகச் செய்கிறோம். பிவி கொடுத்து வாங்கும் குறி, அதிகம் சுடும் மெக்கில் இருக்க வேண்டும்.

கணக்கு இது. குறி 4, நடுத்தரத் தூரத்துக்கு +2, நடந்ததற்கு +1, இலக்கு நகர்ந்ததற்கு +2: 2 பகடையில் தேவை 9. அது விழ வாய்ப்பு 28 சதவீதம். குறி 3 ஆனால் தேவை 8, வாய்ப்பு 42 சதவீதம். பேட்டில்மாஸ்டருக்கு அந்தத் தூரத்தில் ஒரே பிபிசி. மராடர் எம்ஏடி-3ஆருக்கு இரண்டு பிபிசியும் ஏசி/5உம். மராடருக்கு 3/5 கொடுத்தால் 1,363 என்பது 1,636 ஆகிறது. லான்ஸ் மொத்தம் 5,967. ஹெக்ஸ்வாசி சொன்ன அமைப்பைவிட 31 குறைவு, அந்தக் குறியால் கூடும் சேதமோ ஏறக்குறைய இரட்டிப்பு. நல்ல குறிகாரரை மராடரில் உட்கார வையுங்கள், கேப்டன் சாதாரண 4/5 ஆகவே இருக்கட்டும். அவர் வேலை களத்தில் உயிரோடு இருந்து +1 தருவது.

குவர்க் இல்லாமல் ஆடும் குழுவாக இருந்தால் நான் கேப்டனை ஆர்ச்சரில்தான் வைப்பேன். 13 டன் கவசம், இரண்டு எல்ஆர்எம்-20, தண்டர்போல்ட் முன்னால் பார்த்துச் சொல்ல, ஆர்ச்சர் குன்றுக்குப் பின்னாலிருந்து மறைமுகமாகச் சுடலாம். அதன் வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடந்துகொண்டே இரண்டையும் சுட்டால் 13, சிங்க் 10, சுற்றுக்கு 3 ஏறும். முதல் இரண்டு சுற்று இரண்டும், மூன்றாவதில் ஒன்று மட்டும், அதன்பின் ஒரு சுற்று இரண்டும் ஒரு சுற்று ஒன்றும் என்று ஓட்டினால் 6ஐத் தாண்டாது. குண்டு 24 முறைக்கு. இரண்டும் சேர்த்துச் சுட்டால் 12 சுற்று.

---

ஹெக்ஸ்வாசி:

மராடருக்குக் குறி கொடுக்கும் யோசனை என்னுடையதைவிட நல்லது. செம்மண், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிபிசியை நடந்தபடி சுட்டால் மராடருக்கு வெப்பம் 21, சிங்க் 16, சுற்றுக்கு 5 ஏறும். மாற்றுச் சுற்றில் ஒரு பிபிசியை நிறுத்த வேண்டியிருக்கும். 'ஏறக்குறைய இரட்டிப்பு' என்பதை அதற்கேற்பக் கொஞ்சம் குறைத்துப் படியுங்கள்.

மராடரையே கேப்டன் ஆக்கலாமே என்று யாராவது அடுத்துச் சொல்வார்கள், அதனால் முன்பே எழுதிவிடுகிறேன். மராடரின் ஏசி/5 வலது உடலில், அதன் குண்டு இடது உடலில். அங்கே கவசம் கிழிந்து குண்டு வெடித்தால் நிறைந்த டன்னுக்கு 100 புள்ளி, நேராக நடு உடலுக்குப் போகும். 11.5 டன் கவசத்தில் அந்த இடம் வெகுநேரம் தாங்காது. குறிகாரருக்கு அந்த அபாயம் சரி, தளபதிக்கு வேண்டாம்.

ஆர்ச்சர் விஷயத்தில் உடன்படவில்லை. எல்ஆர்எம் 6 ஹெக்ஸும் அதற்குக் குறைவாகவும் வந்தால் குறி மோசமாகிக்கொண்டே போகும். வேகமான எதிரி லான்ஸ் ஒன்று, இரண்டு ஃபீனிக்ஸ் ஹாக்கோ வுல்வரினோ, குன்றைச் சுற்றி வந்து ஆர்ச்சரின் முதுகில் ஏறிக்கொண்டால் தளபதியைக் காப்பாற்ற மற்ற மூவரும் முகம் திருப்ப வேண்டும். நடுவில் இருக்கும் பேட்டில்மாஸ்டருக்கு இந்தத் தொல்லை குறைவு.

---

தூரிகை:

மேசையில் தளபதி தெரிவது பற்றி யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

பெரிய பேஸ் வேண்டவே வேண்டாம். வரைபடத்தின் ஹெக்ஸ் 32 மில்லிமீட்டர், பேஸும் அதே அளவு. ஒரு சுற்று பெரிதாக்கினால் அடுத்த ஹெக்ஸில் மெக்கை வைக்க முடியாது. குத்தும் உதையும் அடுத்தடுத்த ஹெக்ஸில்தான் நடக்கும் என்பதால் இது முதல் ஆட்டத்திலேயே தொல்லை தரும். உயரம் கூட்டலாம். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தக்கைத் துண்டு ஒன்றைப் பாறை மாதிரி கிள்ளி, காலுக்கு அடியில் கொடுத்தால் போதும். பாறை பேஸின் விளிம்பைத் தாண்டக் கூடாது.

ஆடும்போது நாம் மினியேச்சரை முகத்துக்கு நேரே வைத்துப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி, மேலிருந்து சரிவாகப் பார்க்கிறோம். மார்பில் வரைந்த சின்னம், முழங்கால் பட்டை எல்லாம் கண்ணில் படாது. தளபதி அடையாளம் தோள்களின் மேற்பரப்பிலும் தலையின் உச்சியிலும் இருக்க வேண்டும். கம்பெனி முழுவதற்கும் ஒரு அடிநிறம், எல்லோருக்கும் இடது தோளில் லான்ஸ் நிறம். கேப்டனுக்கு மட்டும் இரண்டு தோளும், தலை உச்சியும் வெளிர் நிறத்தில். லெப்டினன்ட்டுக்கு ஒரு தோளும் தலை உச்சியும். இவ்வளவு வேறுபாடே போதும். நான்கைந்து நிறம் சேர்த்தால் இந்த அளவில் குழம்பிவிடும்.

பேட்டில்மாஸ்டருக்குக் குமிழ் மாதிரி பெரிய காக்பிட் கண்ணாடி இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். முழுவதும் அடர்நீலம் பூசுங்கள். கீழ்ப்பாதியில் நடுநீலம், கீழ் விளிம்பை ஒட்டி மெல்லிய வெளிர்நீலக் கோடு. மேல் மூலையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. கம்பெனியில் மற்றவர்களுக்கு வேறு ஒரே நிறக் கண்ணாடி போட்டால் இது தனியாகத் தெரியும்.

உருவத்தை மாற்றும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஆடுபவர் நிழலுருவத்தைப் பார்த்தே மெக்கை அடையாளம் காண்கிறார். பேட்டில்மாஸ்டர் என்றால் வலது கையில் துப்பாக்கிபோல் பிடித்த பிபிசி, இடது பக்கத்தில் எஸ்ஆர்எம் பெட்டி. மராடர் என்றால் முதுகின் மேல் நிற்கும் ஏசி/5. அவற்றை வெட்டி வேறு ஆயுதம் வைத்தால், அது வேறு வகை என்று அவர் நினைப்பார், தூரக் கணக்கைத் தவறாகப் போடுவார். அது நியாயமில்லை. இடுப்பை அறுத்து உடலைத் திருப்பி ஒட்டுவதும் அப்படித்தான். விதிப்படி மெக்கின் திசை என்பது பாதத்தின் திசை, உடல் திருப்பம் தனி. நிரந்தரமாக 60 டிகிரி திரும்பிய உடலோடு ஒரு மெக் நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் கேள்வி வரும். 10, 15 டிகிரி திருப்பம் அழகாக இருக்கும், யாரையும் குழப்பாது.

தளபதிக்குக் கூடுதலாக நீங்கள் தாராளமாகச் செய்யக்கூடியது ஆன்டெனா. 0.4 மில்லிமீட்டர் துளை, கைத்துளையியால் 2 மில்லிமீட்டர் ஆழம், தலைக்குப் பின்னால் தோள் ஓரத்தில். நைலான் துடைப்பத்தின் ஒரு இழையை நுழைத்து சூப்பர் க்ளூ ஒரு துளி. கித்தார் கம்பியும் நன்றாக இருக்கும், ஆனால் விரலில் குத்தும், பெட்டியின் ஸ்பாஞ்சைக் கிழிக்கும். நைலான் இழை வளைந்து நிமிர்ந்துகொள்ளும். தலைக்கு மேல் 8 மில்லிமீட்டருக்கு மிஞ்ச வேண்டாம்.

தளபதிக்கு மட்டும் அயர்ன் விண்ட் மெட்டல்ஸின் உலோக வார்ப்பு வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எடையும் கூர்மையும் நன்றாகவே இருக்கும். ஆனால் பழைய வார்ப்புகள் பல இப்போதைய பிளாஸ்டிக்கைவிடச் சிறியவை. கேப்டன் தன் லெப்டினன்ட்டைவிடக் குட்டையாக நிற்பார். கையில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

---

செம்மண் லான்ஸ்:

அனைவருக்கும் மிக்க நன்றி. முடிவு செய்துவிட்டேன்: கேப்டன் பேட்டில்மாஸ்டரில் 4/5, மராடருக்கு 3/5, லெப்டினன்ட்டுகள் வுல்வரினிலும் ஃபீனிக்ஸ் ஹாக்கிலும். அட்லஸ் இப்போதைக்கு இல்லை.

தூரிகை அண்ணா, மூன்று சந்தேகம். பேட்டில்மாஸ்டரின் பிபிசிக் குழாய் கொஞ்சம் வளைந்திருக்கிறது, எப்படி நேராக்குவது? இந்த பிளாஸ்டிக்குக்கு ஸ்ப்ரே ப்ரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் பிசுபிசுப்பு போகாது என்கிறார்களே, உண்மையா? தோளில் எண் டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டினால் சுற்றிலும் வெள்ளையாகப் பளபளக்கிறது, அதற்கு என்ன வழி?

---

தூரிகை:

குழாய்: இது பிவிசி வகை மென்பிளாஸ்டிக். கொதித்து இறக்கிய நீரில், அதாவது கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, வளைந்த பாகத்தை மட்டும் 20, 30 விநாடி முக்குங்கள். நேராக்கிப் பிடித்துக்கொண்டே குளிர்நீரில் வைத்து, சூடு முழுவதும் போகும்வரை விடாதீர்கள். பாதிச் சூட்டில் விட்டால் பழைய வளைவுக்கே திரும்பும். மெக் முழுவதையும் முக்கினால் கால் நெகிழ்ந்து பேஸிலிருந்து சாய்ந்துவிடும்.

வார்ப்புக் கோடுகளை அரத்தால் தேய்க்க வேண்டாம், பிவிசியில் நார் நாராகப் பிசிறு எழும். புதிய கத்தி முனையால் மெல்லச் சீவி எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் உலரவிடுங்கள். அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை போனால்தான் பெயிண்ட் பிடிக்கும். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ மட்டும். பாலிஸ்டைரீன் சிமென்ட் இதைக் கரைக்காது, ஆகவே ஒட்டாது.

ப்ரைமர்: உண்மைதான், ஆனால் எல்லா ஸ்ப்ரேயும் அப்படியல்ல. வாகனத்துக்கும் சுவருக்கும் அடிக்கும் கடுமையான கரைப்பான் கலந்த ஸ்ப்ரே, பிவிசியோடு வினைபுரிந்து வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். தூரிகையால் பூசும் அக்ரிலிக் ப்ரைமர் பாதுகாப்பானது. இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் போதிய நேரம் உலர விடுங்கள். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால், மினியேச்சருக்கென்றே விற்பதை வாங்கி, தேவையில்லாத ஒன்றில் முதலில் அடித்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்து ஈரத்தில் ஸ்ப்ரே மணல் மணலாகப் படியும், வார்னிஷ் வெள்ளை பூக்கும். அந்த நாட்களில் தூரிகையே மேல்.

டெக்கால் பளபளப்பு: மேட் (பளபளப்பில்லாத) பெயிண்டின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் படலத்தின் அடியில் காற்று சிக்கிக்கொள்கிறது, அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. எண் வரும் இடத்தில் மட்டும் முதலில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் பூசி உலரவிடுங்கள். எண்ணைச் சுற்றியுள்ள வெறும் படலத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒட்ட வெட்டுங்கள். வைத்த பிறகு டெக்கால் மென்மையாக்கும் திரவம் ஒரு துளி. அது தோளின் வளைவுக்குப் படியும்வரை தொடக் கூடாது, தொட்டால் கிழியும். காய்ந்ததும் மேலே மேட் வார்னிஷ். 2 மில்லிமீட்டர் உயர எண் இந்த அளவுக்குப் பொருந்தும். கேப்டனுக்கு 3 வரை போகலாம்.

வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு காக்பிட் கண்ணாடிக்கு மட்டும் கிளாஸ் வார்னிஷை மறுபடி ஒரு புள்ளி வையுங்கள், மேட் அதன் ஒளியைக் கொன்றிருக்கும். ஆன்டெனாவைக் கடைசியில் ஒட்டுங்கள், முன்பே ஒட்டினால் ஒவ்வொரு பூச்சிலும் தூரிகை அதில் மாட்டும். பேஸின் ஆறு பக்கத்தில் முன்பக்கத்தை மட்டும் வெள்ளையாக்கி, பின்பக்கத்தில் லான்ஸ் நிறத்தைப் பூசிவிடுங்கள். 12 மெக் இறங்கும் ஆட்டத்தில் எது எந்த லெப்டினன்ட்டின் கீழ் வருகிறது என்று காட்டுக்குள் நிற்கும்போதும் தெரியும்.